கை வைத்த நாற்காலி

ஜூன் 12, புதன்

வலது முழங்காலை மாற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எடுத்த மூட்டை என்ன செய்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: இனி ஆயுளுக்கும் தரையில் உட்காரக் கூடாது. என் பெயர் பத்மாசனி என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாட்குறிப்பு எழுதினால் மனம் லேசாகும் என்று சிட்னியிலிருந்து மகன் சொன்னான். ஏதோ கட்டுரையில் படித்தானாம். வாரா வாரம் என்னிடம் வலியைப் பற்றிக் கேட்பதைவிட இது அவனுக்கு வசதி. எனக்கும்தான்.

இந்த ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் பணம் கட்டுகிறவர்களுக்கு சோபா போட்ட அறைகள். கீழ் மாடியில் அரசு காப்பீட்டு அட்டைக்காரர்களுக்கு நீளமான வார்டு. நடைப் பயிற்சி அறை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கைப்பிடிக் கம்பிகளை இரண்டு ஜோடி வாங்கக் கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. இன்று நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நடக்கையில் எதிர்க் கோடியிலிருந்து ஒரு குரல்.

"இன்னா, சத்தமே போடாம வர்ற? வலிச்சா கத்து. நானும் கத்துறேன். ரெண்டு பேரும் ஒண்ணா கத்துனா யாருன்னு தெரியாது."

கத்தினேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்து ஒரு நாளும் கத்தாதவள். நன்றாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

அவள் பெயர் பூஷணம். கல்யாண சமையல் கோஷ்டியில் காய் நறுக்குகிறவள். மண்டபம் மண்டபமாகத் தரையில் உட்கார்ந்து நறுக்கி மூட்டு போய்விட்டது. எனக்கு எப்படிப் போனது என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தே போனது என்றேன். அதற்கு நெடுநேரம் சிரித்தாள்.

அவளுக்கு இடது, எனக்கு வலது. "ஆளுக்கு ஒண்ணு. சேத்துக் கட்டுனா ஒரு ஆளு தேறும்" என்றாள்.

என் முழுப் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, பத்மா போதும் என்று முடிவு செய்தாள். என் கணவர் போன இந்த நான்கு வருடத்தில் இந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. குடியிருப்பில் நான் சி-1204. வேலைக்காரி கஸ்தூரிக்கு அம்மா. டிரைவருக்கு மேடம். மகனுக்கு 'ஹலோ, கேக்கறதா?' இதை எழுதிவைக்கும் அளவுக்கு இது முக்கியம் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜூன் 21, வெள்ளி

படி ஏறப் பழகுகிறோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். பயிற்சி கொடுக்கும் பெண் இதைப் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி சொல்லவைக்கிறாள். எனக்கு இறங்கும்போது குழம்பிவிடுகிறது. பின்னாலிருந்து பூஷணம், "கெட்ட காலு மொதல்ல, பத்மா" என்று எடுத்துக் கொடுக்கிறாள். அறை முழுக்கக் கேட்கும்படி.

ஜூலை 5, வெள்ளி

பயிற்சி முடிந்தது. போன் நம்பர் கேட்டாள். கொடுத்தேன். சரியான நம்பரைத்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பூஷணம் வீட்டுக்கு வந்தாள். நான்தான் கூப்பிட்டிருந்தேன். வெயிலில் இரண்டு பஸ் மாறி, ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்புடன். நான் சாப்பிட மாட்டேன் என்பது வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவளே சாப்பிட்டாள். நான் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தேன். காற்றுக்காக என்று சொன்னேன்.

எங்கள் குடியிருப்பில் யார் வந்தாலும் வாசல் காவலர் போனில் உள்ள செயலி வழியாக நமக்குத் தகவல் அனுப்புவார். நாம் அனுமதி என்று அழுத்த வேண்டும். இன்று வந்த தகவல்: 'பூஷணம். வகை: வீட்டு உதவியாளர். அனுமதிக்கவா?' காவலர் புடவையைப் பார்த்து வகையைப் போட்டிருக்கிறார். 'விருந்தினர்' என்று திருத்தலாம். திருத்தினால் ஒரு ரகசிய எண் வரும், அதைப் படித்துச் சொல்ல வேண்டும், கண்ணாடி உள்ளறையில் இருந்தது, அவள் வெயிலில் நின்றாள். அனுமதி என்று அழுத்தினேன்.

வீட்டு உதவியாளர் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு முறை பதிந்தால் போதும், ஒவ்வொரு தடவையும் அனுமதி தேவையில்லை. புகைப்படம் எடுத்துக் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்துவிட்டார்கள். பூஷணம் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"மெடல் குடுத்துருக்காங்க, பாரு. ஆப்ரேசன்ல பாஸாயிட்டேன்னு."

அடுத்த முறை மாற்றிவிடலாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வந்தாள். பேசிக்கொண்டே மேஜைமேல் இருந்த பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். சும்மா உட்கார்ந்து பேச வராது என்றாள். மனிதர்கள் பல விதம்.

செயலியில் மாற்ற மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். கலாசாரக் குழு உறுப்பினர் என்ற முறையில் சமத்துவம் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். பூஷணம் வந்தபோது நான் இன்னும் கீழே இருந்தேன். சர்வீஸ் லிஃப்டில் ஏறிப்போய்க் கதவருகே காத்திருந்தாள். கழுத்தில் அட்டை இருந்தால் முன்பக்க லிஃப்டில் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியை வாசகம் திருத்திக் கொடுத்ததே நான்தான்.

அந்த லிஃப்டில் குப்பை வண்டியும் ஏறுகிறது. ஆனால் அது விசாலமானது. மடக்க முடியாத காலுக்கு நல்லது.

ஆகஸ்ட் 29, வியாழன்

கஸ்தூரி வாரம் ஒரு நாள் லீவு கேட்டாள். எந்த நாள் வேண்டுமானாலும் சரி என்றாள். வியாழன் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று வீட்டில் பேச ஆள் இருக்கிறது, தனியாக இருக்க வேண்டியதில்லை என்பதால்.

மத்தியானம் பூஷணம் டம்ளர்களைக் கழுவிவைத்தாள். அவளும் நானும் குடித்த டம்ளர்கள்தான். காலையில் குடித்தவையும் இருந்தன.

செப்டம்பர் 12, வியாழன்

எங்கள் வாசகர் வட்டம் இம்முறை என் வீட்டில். வியாழன்தான் எல்லோருக்கும் ஒத்துவந்தது. எடுத்துக்கொண்ட நாவல் ஒரு பணக்காரப் பெண்ணுக்கும் ஒரு ஏழைப் பெண்ணுக்கும் உண்டாகும் நட்பைப் பற்றியது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பி-703 வைதேகி அழுததாகச் சொன்னார். குடியிருப்போர் சங்கத் தலைவர் ரங்கமன்னார் மட்டும், நிஜத்தில் இப்படி நடக்காது, எழுத்தாளர் தன் ஆசையை எழுதியிருக்கிறார் என்றார்.

நடக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டிலேயே நடக்கிறது, அடுப்படியில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் சபை அதிர்ந்திருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூஷணம், இன்னும் கொஞ்சம் டீ" என்றேன்.

கொண்டுவந்தாள். தட்டைக் கீழே வைக்க அவளால் குனிய முடியவில்லை. யாராவது எடுத்துக்கொள்ளும்வரை நின்றாள். வைதேகி, நல்ல ஆளாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பூஷணத்துக்குப் புரிந்திருக்காது.

செப்டம்பர் 19, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காது குத்து. வியாசர்பாடியில், வீட்டிலேயே. பத்திரிகை எல்லாம் இல்லை, வாயால் கூப்பிடுகிறேன், வந்துவிடு என்றாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டர் படி ஏறச் சொல்லியிருக்கிறார். அளவோடு ஏறச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். கால் வீக்கம் என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 23, திங்கள்

நேற்று மாலை கச்சேரி அருமை. பால்கனியில்தான் இடம் கிடைத்தது. படிகள் ஒன்றும் சிரமமாக இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பூஷணம் கொலுசைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாள். கால் வீக்கம் வடிந்ததா என்று குனிய முடிந்தவரை குனிந்து பார்த்தாள். பிறகு அவரைக்காயை எடுத்து நார் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நாற்காலி வாங்கி வெச்சிருந்தேன் ஒனக்கு. கை வெச்சது. எந்திரிக்கறப்ப புடிச்சு எந்திரிக்கணுமில்ல? கடைல எல்லாம் கையில்லாத நாற்காலியா காட்டுறான். மூணு கடை ஏறி எறங்குனேன்."

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. வானிலையைப் பற்றி ஏதோ.

அக்டோபர் 17, வியாழன்

அவளை ஒரு நாள் முறையாகச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரும் 27, ஞாயிறு மத்தியானம். கஸ்தூரி சமைப்பாள், நீ எதையும் தொடக் கூடாது என்றேன். பூஷணம் சந்தேகமாகப் பார்த்தாள்.

"பொறந்த நாளா?"

இல்லை, சும்மா என்றேன்.

"சும்மாவா கூப்பிடுற? அப்ப நல்ல பொடவை கட்டிக்கினு வரணும்" என்றாள்.

இப்போதாவது செயலியில் வகையை மாற்றிவிட வேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கம் குடியிருப்பின் எல்லா வீட்டு உதவியாளர்களுக்கும் புடவையும் இனிப்புப் பெட்டியும் கொடுக்கும். மேடை, மைக், புகைப்படம் எல்லாம் உண்டு. இந்த வருடம் அது இன்று என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பதினொரு மணிக்கு முடிந்துவிடும், பூஷணம் பன்னிரண்டுக்குத்தான் வருவாள் என்று நினைத்தேன். தலைவர் தாமதமாக வந்தார். பேச்சு நீண்டது. கலாசாரக் குழு என்பதால் நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

கழுத்து அட்டையோடு உள்ளே வருகிறவர்களை எல்லாம் காவலர்கள் மண்டபத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு.

ரங்கமன்னார் மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். அந்தந்த வீட்டுக்காரர் மேடையில் இருந்தால் அவர் கையாலேயே கொடுப்பது வழக்கம். "சி-1204, பூஷணம்" என்றார். என் கையில் பெட்டியை வைத்தார்.

பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். மாம்பழ நிறப் பட்டு. தலையில் கனகாம்பரம். மற்றவர்கள் வேலைக்கு நடுவில் ஓடிவந்திருந்தார்கள், ஈரக் கையைத் தலைப்பில் துடைத்தபடி. அந்தக் கூட்டத்தில் விருந்துக்கு வந்தவள் மாதிரி இருந்தவள் அவள் ஒருத்திதான். மேடைக்குப் படிகள் இருந்தன. நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள்.

மைக் எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. இவர் வீட்டு உதவியாளர் இல்லை, என் சிநேகிதி, சாப்பிட வந்திருக்கிறார் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. இதைவிட நீளமான வாக்கியங்களை அதே மைக்கில் சொல்லியிருக்கிறேன். புகைப்படக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க, மேடம்."

கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருக்கலாம்.

மேலே போய்க் காத்திருந்தேன். மேஜையில் இரண்டு இலை. அவள் வரவில்லை. மூன்று மணிக்கு ஓர் இலையில் நான் சாப்பிட்டேன். கஸ்தூரி மிச்சத்தை எடுத்துவைத்துக்கொண்டே பேசினாள்.

"அந்தம்மாவும் இங்க வேலை செய்யறாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதும்மா. பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. நீங்க எத்தனை நாள் வர்றீங்கன்னு கேட்டேன். வியாழக்கிழமை மட்டும்னாங்க."

அக்டோபர் 28, திங்கள்

செயலியில் வகையைத் திருத்த உட்கார்ந்தேன். திருத்த வழியில்லை. முதலில் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டுமாம். நீக்கு என்று அழுத்தினேன். காரணம் கேட்டது: வேலையில் திருப்தியில்லை, நேரத்துக்கு வருவதில்லை, நம்பகமில்லை, மற்றவை. மற்றவை என்று அழுத்தினேன். நட்சத்திரம் கேட்டது. ஐந்தும் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் திரையில் வந்தது: 'பூஷணம் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தகவல் அவருடைய கைப்பேசிக்கு அனுப்பப்பட்டது.'

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை.

நவம்பர் 7, வியாழன்

கஸ்தூரிக்கு லீவு. டம்ளர்கள் தொட்டியில் கிடக்கின்றன.

பூஷணத்துக்குப் போன் செய்தேன். பலமுறை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் ஓசை. "வேலைல இருக்கேங்க மேடம்" என்றாள். வைத்துவிட்டாள்.

நான்கு வருடம் யாரும் பெயர் சொல்லாமல் இருந்திருக்கிறேன். பழக்கமான விஷயம்தான். இந்தத் தடவை பழகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

வியாசர்பாடிக்குப் போனேன். காரில் போகும்போது மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். மூன்று பத்தி. நடுப் பத்தி நன்றாக வந்திருந்தது.

மூன்று மாடியையும் ஏற முடிந்தது. முடியும் என்று எனக்கு செப்டம்பரிலேயே தெரியும்.

கதவு திறந்திருந்தது. பூஷணம் சமையல் மேடைமேல் ஒரு கூடைப் பூண்டை வைத்து, நின்றபடி உரித்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் இப்போதெல்லாம் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறாராம். ஒரே அறை. சுவரோரம் சுருட்டிய பாய்கள். அவற்றுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி. அரக்கு நிறம், கை வைத்தது, கைகளில் சுற்றிய பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதன்மேல் மடித்த துணிகள். துணிகளுக்கு மேலே எங்கள் சங்கத்தின் புடவைப் பெட்டி, கட்டின ரிப்பனோடு.

"வாங்க" என்றாள். எல்லாவற்றையும் எடுத்துப் பாய்மேல் வைத்தாள். "உக்காருங்க."

ஒரு நாற்காலி. தரையில் உட்காரக் கூடாதவர்கள் இரண்டு பேர். நீ உட்கார் என்றேன். மாட்டேன் என்றாள். நானும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் நாற்காலியைப் பார்த்தபடி நின்றோம். கடைசியில் அவளுக்குத்தான் கால் கடுத்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். உறை சரசரத்தது. அவளும் அதில் இதுவரை உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது.

நான் சுவரில் சாய்ந்துகொண்டு முதல் பத்தியை ஆரம்பித்தேன். செயலியில் தவறாகப் பதிவாகிவிட்டது என்றேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இன்னா தப்பா போட்டுச்சு? வியாழக்கெழம வந்தேன். காய் நறுக்கினேன். டம்ளர் கழுவினேன். ஒன் சிநேகிதக்காரங்களுக்கு டீ குடுத்தேன். குப்பை வண்டியோட லிப்டுல போனேன். சரியாத்தான் போட்டிருக்குது."

நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். உறை மறுபடி சரசரத்தது.

"வேலைக்காரின்னா சம்பளம் குடுத்திருக்கணும். இல்லேன்னா ஒரு நாளாச்சும் நீ ஏந்து வந்து, குடு பூசணம், இத நான் நறுக்குறேன்னு சொல்லியிருக்கணும். ரெண்டுத்துல ஒண்ணு பண்ணியிருக்கலாம்ல?"

இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் பிறகு தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எல்சி குடத்தோடு எட்டிப் பார்த்தாள். என் புடவையை, கைப்பையை, செருப்பைப் பார்த்தாள்.

"யாரு பூசணக்கா இது? நிக்க வெச்சே பேசினுக்கிற?"

பூஷணம் என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"புதுசா வேலைக்கு வந்துருக்குது. ஞாயித்துக்கெழம மட்டும்."

எல்சி சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, நிஜமா என்று என்னைக் கேட்டாள். பூஷணம் பதில் சொல்லாமல் நான் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மைக் எதுவும் இல்லை.

"ஆமாம்" என்றேன்.

எல்சி போனதும் பூஷணம் தாடையால் கூடையைக் காட்டினாள். மேடை அருகே போய் நின்று உரித்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தை இப்படி வை என்றோ அப்படி வை என்றோ சொல்லவில்லை. கால் வலித்தது. கத்தவில்லை. இங்கே சேர்ந்து கத்த யாரும் முன்வரவில்லை. கூடையில் ஒரு மூலைகூடத் தீராதபோது இருட்டத் தொடங்கியது. போதும் என்றாள். அடுத்த வாரம் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. மேடம் என்று சொல்லவில்லை. பத்மா என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது மேலேயிருந்து குரல் கேட்டது.

"கெட்ட காலு மொதல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதலில் வைத்தேன்.

காரில் ஏறியதும் டிரைவர் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டார். பூண்டு வாசனை. காற்றுக்காக மேடம் என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

சின்ன வெங்காயம். நாற்காலியின் உறையைப் பிரித்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றேன். இன்னும் பெயர் சொல்லவில்லை.